தாமான் கெனாங்கா ஜெயாவின் மீன் விசாரணை

“ஒரு ஈ காட்டு தம்பி. ஒரே ஒரு ஈ. நான் பேசாம வீட்டுக்குப் போயிடறேன்.”

“ஈயா? அக்கா, இத்தன வருசமா ஈ மொய்க்குதுன்னு என்னைய ஏசுனது நீங்கதானே? உங்களுக்குப் பயந்துதான் ஃபேன் போட்டு விரட்டிக்கிட்டு இருக்கேன்.”

“அது அப்ப. இப்ப எல்லாம் மாறிப் போச்சு. ஈ வந்தா நல்ல மீனு. ஈ வரலன்னா மருந்து போட்ட மீனு. புலனத்துல வந்துருக்கு, உனக்கு வரலயா?”

“எனக்கு எங்கக்கா வரும், நான்தான் அந்தக் குழுவுல இல்லையே.”

“பாத்தியா, அதான் சொல்றேன். உண்மை தெரியக் கூடாதுன்னே நீ குழுவுல சேரல.”

மனிதகுலம் தன் வயிற்றைத் தானே காத்துக்கொள்ளக் கிளம்பிய மகத்தான கட்டம் இப்படித்தான் தொடங்கியது: ஈஜோக்கிலிருந்து உள்ளே தள்ளி, செம்பனைகளுக்கு நடுவே இருக்கும் தாமான் கெனாங்கா ஜெயா குடியிருப்பில், ஒரு சனிக்கிழமை காலை, சுகுமாரனின் மீன் வேனுக்குப் பின்னால். வேறு ஊராக இருந்தால் அந்த இடத்தில் ஒரு கல் நட்டு மாலை போட்டிருப்பார்கள். இங்கே அந்த இடத்தில் ஐஸ் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்ததால் யாருக்கும் தோன்றவில்லை.

கேள்வி கேட்டவர் அமராவதி. தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து காலமான பாலனின் மனைவி. ரவாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு கையுறையிலும் காற்றடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. பார்த்துப் பார்த்து, கடைசியில் காற்றடிக்காமலே எல்லாவற்றிலும் ஓட்டை தெரியும் நிலையை அடைந்திருந்தார். அப்படிப்பட்டவர் தாமானின் உணவு விழிப்புணர்வுக் குழுவுக்குத் தலைவரானதில் வியப்பில்லை. குழுவைத் தொடங்கியவரும் அவர்தான் என்பது கூடுதல் வசதி.

சுகுமாரனைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. விடியுமுன் கோலசிலாங்கூர் படகுத்துறைக்குப் போவான். படகிலிருந்து இறங்கும் மீனை ஐஸில் போட்டுக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் நம் தாமானுக்கு வந்து ஹார்ன் அடிப்பான். எந்த வீட்டில் தலை கேட்பார்கள், எந்த வீட்டுப் பிள்ளைக்கு முள் ஆகாது என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. நம் தாமானும் அடுத்திருக்கும் சிற்றூரான கம்பமும்தான் அவன் வியாபாரம். நாம் வாங்காவிட்டால் வேன் ஓடாது. இது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பொதுநலம் என்று வந்துவிட்டால் இப்படிப்பட்ட சில்லறை விஷயங்களைப் பார்க்க முடியுமா?

பொதுநலம் முந்தின நாள்தான் வந்திருந்தது, ஒரு குரல் பதிவாக. மூன்றாவது வீட்டு ஷாமளா அதை வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். பேசியவர் யார் என்று தெரியாது. நடுநடுவே இருமினார். தன் மைத்துனர் ஒரு ‘லேப்’பில் இருப்பதாகவும், கடலோர மீன்களுக்கெல்லாம் பிணம் கெடாமலிருக்கப் போடும் மருந்தைப் போடுகிறார்கள் என்றும், ஈ உட்காராததே அதற்கு அத்தாட்சி என்றும் சொன்னார். எந்த ஊர் லேப் என்று சொல்லவில்லை. எந்த ஊர் கடல் என்றும் சொல்லவில்லை. அதனாலேயே எல்லா ஊருக்கும் அது பொருந்தியது.

தாமான் மக்கள் ஆற அமர யோசித்தார்கள். சுகுமாரனை அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அவன் மனைவியைத் தெரியும், அவன் வேனின் கியர் எப்போது மாட்டிக்கொள்ளும் என்பது வரைக்கும் தெரியும். அந்தக் குரலையோ யாருக்கும் தெரியாது. ஆகவே குரலை நம்புவதென்று முடிவாயிற்று.

மறுநாள் சுகுமாரன் ஃபேனை நிறுத்திவிட்டு வந்தான். கெம்போங் மீன் மேல் நாலைந்து ஈக்கள் உட்கார்ந்திருந்தன. அவன் முகத்தில், பிள்ளை பரீட்சையில் தேறிவிட்ட தகப்பனின் களை.

“பாருங்கக்கா, ஈ. நல்லாப் பாருங்க.”

அமராவதி குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

“இது நம்ம தாமான் ஈ மாதிரி தெரியலயே. எங்கேருந்து புடிச்சிக்கிட்டு வந்த?”

“ஈயவா? ஈய யாருக்கா புடிச்சிக்கிட்டு வருவா?”

“நேத்து ஒண்ணுகூட இல்ல. இன்னிக்கி அஞ்சு இருக்கு. கூப்ட்டாத்தானே வரும்?”

அதற்குள் ஷாமளா ஈக்களைப் படமெடுத்து, ‘அசுத்தம்’ என்ற தலைப்புடன் குழுவில் ஏற்றியிருந்தார். ஈ இல்லாவிட்டால் மருந்து, இருந்தால் அழுக்கு. ஒரு மீன்காரன் தப்பிக்க முடியாதபடி இவ்வளவு செம்மையான விதிமுறையை அரசாங்கம்கூட இதுவரை வகுத்ததில்லை.

அன்று மாலையே அமராவதி, ‘ஐஸ்பெட்டித் தூய்மை நாள்’ ஒன்றை அறிவித்தார். வீட்டுக்கு வீடு ஐஸ்பெட்டி திறக்கப்பட்டது. செனாங்கின், கெம்போங், பாதி வறுத்து மூடி வைத்த இறால், எல்லாம் நெகிழிப் பையில் கட்டப்பட்டு, சந்துக் கோடியில் இருக்கும் பெரிய குப்பைத் தொட்டிக்கு ஊர்வலமாகப் போயின. இரண்டு வாரத்துக்கு முன் வாங்கிச் சாப்பிட்டு ஒன்றும் ஆகாத மீனின் மிச்சமும் அதில் அடக்கம். குப்பை லோரி அந்த வாரம் வரவில்லை. சுகுமாரனும் விற்காத மீனை வேறெங்கே கொண்டு போவான்? தானும் அதே தொட்டியில் கொட்டினான். ஈஜோக் வட்டாரத்துக் காக்கைகளெல்லாம் குடும்பத்தோடு வந்து இறங்கின. தாமானில் அவ்வளவு காக்கைகளை யாரும் பார்த்ததில்லை. அதைப் பற்றி யோசிக்க யாருக்கும் நேரமுமில்லை. சிறப்புக் கூட்டம் இருந்தது.

கூட்டம் பாலர் பள்ளிக் கட்டடத்தில் நடந்தது. வரவேற்புரை, தலைமையுரை, நன்றியுரை எல்லாம் உண்டு. உரைகளுக்கு நடுவில் ஒரு சந்தேகமும் எழுந்தது.

“தலைவரே, மீனு வேணாம் சரி. கருவாடு?” என்றார் பின் வரிசையிலிருந்து ஒருவர்.

“கருவாடு ஏற்கனவே செத்துக் காஞ்சது. அதுக்கு எதுக்கு மருந்து?” என்று அமராவதி தீர்ப்பளித்தார். கை தட்டினார்கள்.

“ஹெல்த் ஆபீசுலேருந்து ஆளு வந்து மீன எடுத்துக்கிட்டுப் போயி பாத்தாங்களாம். ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்களாம். சுகு சொன்னான்,” என்றார் இன்னொருவர்.

ஷாமளா எழுந்தார். “ஒண்ணுமில்லாத எடத்துக்கு ஆபீசருக்கு என்னாங்க வேல?”

அதற்கு மேல் அதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு ஷாமளா வீட்டு மீஹூன் கொடுத்தார்கள். காலையில் ஆக்கி, சூட்டோடு பொட்டலம் கட்டி, நண்பகல் வரை தகரக் கூரைக்குக் கீழே வைத்திருந்த மீஹூன். இரவுக்குள் ஆறேழு பேர் கிளினிக்கில் இருந்தார்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்று டாக்டர் கேட்டபோது, “மீனு மட்டும் சாப்பிடல டாக்டர், அது கன்ஃபோர்ம்” என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். கூட்டம் நடந்தபோது சுகுமாரனின் வேன் அந்தப் பக்கமாகப் போனதும், காற்று அந்தத் திசையிலிருந்தே வீசியதும் பிறகு நினைவுக்கு வந்தன. ஷாமளாவின் மீஹூனைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர் குழுவின் செயலாளர்.

இப்படி விழிப்புணர்வு உச்சத்தில் இருந்த வேளையில்தான் பாலனின் வருஷப் படையல் வந்தது.

இறந்தவருக்குப் பிடித்ததைப் படைப்பது வழக்கம். பாலனுக்குப் பிடித்தவை இரண்டு. ஒன்று, ஒரு போத்தல் கறுப்பு பீர். மற்றது, மாங்காய் போட்ட கெம்போங் மீன் குழம்பு. அதுவும் கண் தெளிந்த, அன்றைக்குப் படகிலிருந்து இறங்கிய கெம்போங். உயிரோடிருந்தபோது, மீன் ஒரு நாள் பழசாக இருந்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போன மனிதர். போன பிறகு மட்டும் சமாதானமாகிவிடுவாரா? அமராவதி இரண்டு நாள் யோசித்தார். சைவமாகப் படைக்கலாமா என்று யோசித்தார். சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். படம் அதற்கு ஒத்துக்கொள்வது போலத் தெரியவில்லை. பொதுநலம் வேறு, புருஷன் நலம் வேறு என்ற நுட்பமான வேறுபாட்டை அவர் கண்டறிந்தது அப்போதுதான். தொலைபேசியை எடுத்தார்.

“சுகு, நான்தான்.”

“தெரியுதுக்கா.”

“பின் சந்துப் பக்கமா வர முடியுமா? வேன் வேணாம், மோட்டார்ல வா. ஹார்ன் அடிச்சிடாத.”

சுகுமாரன் பின்வாசலில் செய்தித்தாள் பொட்டலத்தோடு நின்றான்.

“எதுல போட்டது?” என்று அமராவதி பழக்கத்தில் கேட்டுவிட்டார்.

“ஐஸ்ல. அண்ணனுக்குங்களா?”

“ம்.”

“கோவிச்சுக்காதீங்கக்கா. அண்ணனுக்கு எதும் ஆயிடாதா?”

“அவருக்கு இனிமே என்னா ஆவப் போவுது.”

சுகுமாரன் சிரித்துவிட்டான். அமராவதியும் சிரிக்க வாயெடுத்து, பதவியை நினைத்து அடக்கிக்கொண்டார். காசை நீட்டினார். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“படையலுக்கு நான் காசு வாங்க மாட்டேன். ஒண்ணு மட்டும் செய்ங்க. நாளைக்கு எல்லாரும் வருவாங்கல்ல, அவங்க முன்னுக்கு ஒரு வார்த்த சொல்லிடுங்க. சுகுகிட்டதான் வாங்குனேன், எம் புருசனுக்குப் படைச்சேன், நாங்க சாப்பிடப் போறோம்னு. உங்க வாயில ஆரம்பிச்சது, நீங்க சொன்னாத்தான் நிக்கும். கம்பத்துலயும் இப்ப வாங்க மாட்டேங்கறாங்க. இந்த மாசம் இப்படியே போச்சுன்னா வேன வித்துட்டு நான் வேற எடம் பாக்க வேண்டியதுதான்.”

“சொல்றேன்,” என்றார் அமராவதி. நியாயமாகப் பேச வேண்டும்: அந்த நேரத்தில் அவர் சொல்லத்தான் நினைத்திருந்தார்.

மறுநாள் மதியம் கூடம் நிறைந்திருந்தது. குழுவினர் எல்லோரும் வந்திருந்தார்கள். படத்துக்கு மாலை போட்டு, வாழையிலை போட்டு, மூடி வைத்த சட்டியிலிருந்து குழம்பை ஊற்றியதுதான் தாமதம், ஷாமளாவின் மூக்கு நிமிர்ந்தது.

“அக்கா, மீனு வாசம் மாதிரி இருக்கே.”

“அவருக்குப் புடிச்சது.”

“எங்க வாங்குனீங்க?”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அமராவதி சொல்ல வாய் திறந்தார். ஆனால் முதலில் காக்கைக்கு வைக்க வேண்டும். காக்கை எடுத்த பிறகுதான் வீட்டார் கை நனைப்பார்கள். காக்கை எடுத்துவிட்டால் பாலனே எடுத்துக்கொண்ட மாதிரி. அதற்கப்புறம் சொன்னால் பேச்சுக்கு ஒரு எடை இருக்கும் என்று நினைத்து, சோற்றையும் ஒரு துண்டு மீனையும் பின்சுவரில் வைத்து, “கா, கா” என்று கூப்பிட்டார்.

மின்கம்பி முழுக்கக் காக்கைகள். ஒன்றுகூட இறங்கவில்லை. ஒரு காக்கை மட்டும் கழுத்தைச் சாய்த்து மீனைப் பார்த்தது. விருந்து வீட்டில் இரண்டு பந்தி சாப்பிட்டு மூன்றாவதற்கும் கூப்பிடப்பட்டவரின் பார்வை. பிறகு கண்ணை மூடிக்கொண்டது.

மறுபடி கூப்பிட்டார்கள். பெண்கள் கூப்பிட்டார்கள், ஆண்கள் கூப்பிட்டார்கள். கூடத்தில் இலை போட்டு உட்கார்ந்திருந்த பசி எல்லாம் சேர்ந்து கூப்பிட்டது. அசையவில்லை.

அமராவதியின் மகன் பவனேஷ் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னான். “மா, குப்பத் தோங்ல பாத்தீங்களா? ஒரு வாரமா அதுங்க மீனுதான் தின்னுக்கிட்டு இருக்கு. வயிறு ஃபுல்லா இருக்கும்மா. பேசாம எல்லாரையும் சாப்பிடச் சொல்லுங்க.”

அமராவதி சந்துக் கோடியைப் பார்த்தார். குப்பைத் தொட்டி அங்கிருந்தே தெரிந்தது. தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்திருந்த காக்கைகளும் தெரிந்தன. தரக் கட்டுப்பாட்டில் வேலை பார்த்த கண்.

“காக்கா தொடவே மாட்டேங்குதே அக்கா,” என்றார் ஷாமளா, கனிவாக. “பாலண்ணனுக்கு உங்க மேல எதும் கோவமோ? போனப்ப மனசுல எதையும் வச்சிக்கிட்டுப் போனாரா?”

கூடத்தில் முணுமுணுப்பு எழுந்தது. இப்போது இரண்டே காரணங்கள்தான் இருக்க முடியும். ஒன்று, செத்த புருஷன் பெண்டாட்டி கைச்சோற்றை ஒதுக்கிவிட்டார். மற்றது, மீனில் மருந்து. மூன்றாவதாக ஒரு காரணம் சந்துக் கோடியில் வயிறு புடைத்து உட்கார்ந்திருந்தது. அதைக் கூட்டத்தில் யாரும் முன்மொழியவில்லை.

அமராவதி நிமிர்ந்தார்.

“அவருக்கு எம் மேல என்னா கோவம்? நான் சோதிச்சுப் பாக்கத்தான் இந்த மீன வாங்குனேன். சுகுமாரன் மீனு. இப்ப தெரிஞ்சிருச்சுல்ல? காக்காவே தொடல.”

ஒரு பெண்மணி தன் குடும்ப மானத்தையும் பொது சுகாதாரத்தையும் ஒரே வாக்கியத்தில் காப்பாற்றியதை அன்று நேரில் கண்டவர்கள் இன்னும் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். குழம்பு ஓரங்கட்டப்பட்டது. எல்லோரும் சாம்பார் ஊற்றிச் சாப்பிட்டார்கள். ஷாமளா சாப்பிட்ட கையோடு ஒரு குரல் பதிவு போட்டார். ‘காக்கா தொடல’ என்று கிளம்பிய செய்தி, பெஸ்தாரி ஜெயா போவதற்குள் ‘காக்கா செத்துருச்சு’ ஆகி, புஞ்சாக் ஆலாம் சுற்றி வீட்டுக்குத் திரும்பியபோது ஒரு தோட்டத்துக் காக்கைகள் பூண்டோடு அழிந்திருந்தன. தங்கள் மரணச் செய்தி பரவிக்கொண்டிருக்கையில் அவை மின்கம்பியில் தூங்கிக்கொண்டிருந்தன.

ஓரங்கட்டிய சட்டியைப் பவனேஷ் அடுப்படியில் உட்கார்ந்து ஒரு சொட்டு விடாமல் காலி செய்தான். மறுநாள் வேலைக்கும் போனான். அது குழுவின் அறிக்கையில் இடம்பெறவில்லை.

இரண்டு நாள் கழித்து சுகுமாரன் அமராவதி வீட்டு வாசலில் வேனை நிறுத்தினான். ஹார்ன் அடிக்கவில்லை.

“சொல்லிட்டீங்க போல.”

“காக்கா எடுக்கல சுகு. நான் என்னா செய்யறது?”

“எடுக்கல சரிக்கா. காலையில அது என்னா சாப்பிட்டுச்சுன்னு உங்களுக்குத் தெரியாதா?”

அமராவதி கேட்டைச் சாத்தினார். சத்தம் வராமல், மெதுவாகச் சாத்தினார். குற்றமுள்ள நெஞ்சு என்று யாராவது நினைத்தால் அது அவர்கள் அறியாமை. கேட்டுக்கு அப்போதுதான் எண்ணெய் போட்டிருந்தார்கள்.

அந்த மாதக் கடைசியில் சுகுமாரன் குடும்பத்தோடு புஞ்சாக் ஆலாம் போய்விட்டான். அங்கே மதார் சாகிபுவின் உணவுக்கடைக்கு அவன்தான் இப்போது மீன் போடுகிறான். அதே படகுத்துறை, அதே ஐஸ். ஞாயிற்றுக்கிழமைகளில் நம் தாமான் மக்கள் கார் போட்டுக்கொண்டு அந்தக் கடைக்குத்தான் போகிறார்கள். மீன் தலைக் கறிக்கு வரிசையில் நிற்கிறார்கள். “சாகிபு கடைன்னா நம்பி சாப்பிடலாம்” என்று பேசிக்கொள்கிறார்கள். மீன் யாருடையது என்று மதார் சாகிபுவிடம் ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் சொல்ல அவர் தயாராகத்தான் இருக்கிறார்.

பவனேஷுக்குக் கல்யாணம் ஆனது. பெண் நித்தியா, சுகுமாரனின் மூத்த மகள். எப்போது பழக்கம், எங்கே பழக்கம் என்று தாமானில் பலர் விசாரித்தார்கள். அடுப்படியில் சட்டியைக் காலி செய்த அன்றே நமக்குக் கொஞ்சம் பிடிபட்டிருக்க வேண்டும். மாப்பிள்ளையும் பெண்ணும் புஞ்சாக் ஆலாமிலேயே வீடு எடுத்துக்கொண்டார்கள். அமராவதி மகனைப் பார்க்கப் போகிறார், சம்பந்தி வீட்டில் தண்ணீர் மட்டும் குடிக்கிறார். ஷாமளா மகளோடு ராசா என்ற ஊருக்குக் குடிபோனார். தாமானை விட்டுத்தான் போனார், குழுவை விட்டுப் போகவில்லை. தினமும் காலையில் அங்கிருந்தும் நம்மை எச்சரித்துக்கொண்டிருக்கிறார்.

நம் தாமானுக்கு இப்போது வாரம் ஒருமுறை ஒரு குளிர்பதன லோரி வருகிறது. அட்டைப் பெட்டியில், கண்ணாடித்தாள் சுற்றி, தலை வெட்டிய மீன். பெட்டியில் இருக்கும் எழுத்து எந்த மொழி என்று யாருக்கும் தெரியாது. அமோக விற்பனை. கடமை தவறாத அமராவதி முதல் நாளே லோரிக்காரப் பையனிடம் கேட்டார்.

“தம்பி, இது எந்த ஊரு மீனு? எப்ப புடிச்சது?”

“தெரியாது லா ஆன்ட்டி. நான் டிரைவர் மட்டும்தான்.”

அமராவதிக்கு முழுத் திருப்தி. இரண்டு பெட்டி வாங்கினார். நாமும் வாங்கினோம். அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லக்கூடிய ஒரே ஒருவன் இங்கே குடியிருந்தான். அவனைத்தான் நாம் எல்லோரும் சேர்ந்து, மிகுந்த விழிப்புணர்வோடு, ஊரை விட்டு அனுப்பிவைத்தோம்.